ஸ்பானிய மொழியில் இடுப்புக்கு 'கதேரா' என்கிறார்கள். நம்முடைய கதிரைக்கு இது சொந்தமா?

#1 வடமராட்சிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பார்சிலோனாவில் இருக்கிறோம். போன மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தால் இடுப்பு மூட்டுப் பக்கம் எலும்பு முறிவு. டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்து அம்மாவிடமே ஸ்பானியத்தில் விளக்கினார். பேச்சு முழுக்க "கதேரா, கதேரா" என்று வந்தது.

அம்மாவுக்கு ஸ்பானியம் தெரியாது. என் கையைப் பிடித்து இழுத்து, "என்ன பிள்ளை, என்னைக் கதிரையில இருக்கட்டாமோ? எனக்கு அசையவே ஏலாமக் கிடக்கு" என்றார். நான், "அது கதிரை இல்லையம்மா, இடுப்பைச் சொல்லுகிறார்" என்று சமாதானப்படுத்தினேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். ஒரு தாதி இன்னொருவரிடம் இந்த ஊரின் சொந்த மொழியான கட்டலானில் "கதீரா" என்று ஏதோ கேட்டார். இரண்டு நிமிடத்தில் சக்கர நாற்காலி வந்து நின்றது! அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் நாற்காலியைக் கதிரை என்றுதான் சொல்வோம். அது போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். கட்டலான் மொழியில் கதீரா நாற்காலியாக இருப்பது சரி, பக்கத்து மொழி. ஆனால் ஸ்பானியத்தில் அதே சத்தம் எப்படி இடுப்பு ஆனது? தற்செயலா, உறவா? இரவில் ஆஸ்பத்திரியில் தூக்கம் வராமல் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

#2 தூங்குமூஞ்சி

அம்மா சீக்கிரம் குணமாக வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் (மதுரை) நாற்காலி, இல்லாவிட்டால் சேர். கதிரை என்று முதலில் கேட்டபோது கதிர்காமத்துக்கும் அதற்கும் ஏதோ தொடர்பு என்று நினைத்தேன். நல்லவேளை யாரிடமும் சொல்லவில்லை. சரி, விவரம் தெரிந்தவர்கள் வரட்டும், நான் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். கதிரையில்தான்.

#3 சொல்வேர்

அக்கா, அம்மாவின் காது ஏமாறவில்லை. கதிரை, கதீரா, கதேரா மூன்றும் ஒரே சொல்தான்.

கிரேக்கத்தில் 'கதா' என்றால் கீழே, 'ஹெத்ரா' என்றால் உட்காரும் இடம். இரண்டையும் சேர்த்து நாற்காலிக்குப் பெயர் வைத்தார்கள். லத்தீன்காரர்கள் அதைக் கடன் வாங்கிக் 'காத்தெத்ரா' என்றார்கள். ரோமில் அது சாய்ந்த முதுகுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலி. பெண்கள் உட்காரும் நாற்காலி என்றுதான் பெயர். அப்புறம் ஆசிரியர் அமர்ந்து பாடம் சொல்லும் நாற்காலிக்கும், கிறிஸ்தவம் வந்தபின் ஆயர் அமரும் நாற்காலிக்கும் அதே சொல் போனது. ஆயரின் நாற்காலி இருக்கிற கோயில் எதுவோ அதுதான் கதீட்ரல்.

இது படித்தவர்களின் வழி. தெருவில் பேசின லத்தீன் வேறு மாதிரி நடந்தது. செவ்வியல் லத்தீனில் அழுத்தம் முதல் அசையில். பேச்சில் அது நடு அசைக்கு நகர்ந்துவிட்டது. நடுவிலிருந்த வல்லோசை 'த்த' தேய்ந்து, நாம் 'கதை' என்று சொல்லும்போது வருகிற மெல்லிய 'த' ஆனது. இது இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நடந்ததல்ல. லத்தீனில் 'வீத்தா' (உயிர்) ஸ்பானியத்தில் 'வீதா', லத்தீனில் 'கத்தேனா' (சங்கிலி) ஸ்பானியத்தில் 'கதேனா'. அடுத்ததாக 'த்ர' என்ற கூட்டில் முன்னால் இருந்த மெய் கரைந்து 'ய்ர' ஆனது. அங்கேயே நின்றுவிட்டது போர்த்துக்கீசியம்: கதெய்ரா. ஸ்பானியம் இன்னும் ஓர் அடி போய் அந்த 'எய்' என்பதையும் 'ஏ' ஆக்கிக்கொண்டது: கதேரா.

இந்த எய்/ஏ வித்தியாசம் இரண்டு மொழிக்கும் நடுவில் வரிசையாக நிற்கும். மரம் போர்த்துக்கீசியத்தில் மதெய்ரா (அந்தத் தீவின் பெயரும் அதுதான்), ஸ்பானியத்தில் மதேரா. கொடி பந்தெய்ரா, பந்தேரா. முதலாவது ப்ரிமெய்ரு, ப்ரிமேரோ. எல்லை ஃப்ரொந்தெய்ரா, ஃப்ரொந்தேரா. இவ்வளவும் ஒரே கணக்கில் விழும்போது கதெய்ரா, கதேரா மட்டும் தற்செயல் என்று சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியர் 1619இல் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். நாற்பது வருடம்கூட இல்லை. அதற்குள் வீட்டுச் சாமான் பாதிக்குப் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்: மேசை, அலுமாரி, குசினி, துவாய், சப்பாத்து, பாண், விறாந்தை, கதிரை. கடைசியில் வருகிற 'ஆ' தமிழில் 'ஐ' ஆவதைக் கவனியுங்கள். மேசா மேசை ஆனது போல, கதெய்ரா கதிரை ஆனது. வங்காளியிலும் இதே சொல் கேதாரா என்று இருக்கிறது, அதுவும் போர்த்துக்கீசியர் கொடுத்ததுதான்.

இடுப்பு எப்படி வந்தது என்பது தனிக் கதை. சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

#4 தொல்மொழிக் காவலன்

சொல்வேர் அவர்கள் வழக்கம்போல ஐரோப்பியர் எழுதி வைத்ததையே ஒப்பிக்கிறார். இடுப்புக்கு நம் நாட்டில் 'கடி' என்ற சொல் இருப்பது அவருக்குத் தெரியாதா? கடிதடம் என்று புராணங்களிலும் பிரபந்தங்களிலும் வரும். வடமொழியிலும் கடி என்றால் இடுப்பு. கடி, கதே, கதேரா. இவ்வளவு நேரான வழி இருக்கும்போது நாற்காலியைச் சுமந்துகொண்டு கிரேக்கம் வரை எதற்குப் போக வேண்டும்?

#5 சொல்வேர்

கடி தெரியும் ஐயா. பொருளும் அதேதான், சத்தமும் கிட்டத்தட்ட அதேதான். அதனால்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

ஸ்பானியத்தில் 'ஆலா' என்றால் சிறகு. தமிழில் ஆலா ஒரு கடற்பறவை. முடிச்சுப் போட எனக்கும் ஆசைதான். ஆனால் ஸ்பானிய ஆலா லத்தீனிலும் ஆலாவாகவே இருந்தது, நம் ஆலாவைப் பார்த்ததே இல்லை.

'கடி'யிலிருந்து கதேரா வந்தது என்றால் நீங்கள் நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மிச்சமிருக்கும் 'ஏரா' எங்கிருந்து வந்தது? போர்த்துகலிலும் கட்டலோனியாவிலும் அதே சொல் ஏன் நாற்காலியைக் குறிக்கிறது? வட இத்தாலியில் லொம்பார்திக்காரர்கள் நாற்காலியைக் 'கத்ரேகா' என்கிறார்கள், அதற்கும் கடிதான் மூலமா? எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்பானிய மொழியிலேயே இந்தச் சொல்லுக்கு ஓர் இரட்டைப் பிறவி இருக்கிறது. பேச்சு வழியாகத் தேய்ந்து வந்தது கதேரா. புத்தகம் வழியாக லத்தீனிலிருந்து தேயாமல் இறங்கியது 'காதெத்ரா'. அதற்குப் பேராசிரியர் பதவி என்று பொருள். சாலமாங்கா பல்கலைக்கழகம் 1218இல் தொடங்கியது; அங்கே பேராசிரியர் நாற்காலியில் ஏறுவதற்குப் போட்டி போட்டு மோதிக்கொண்ட கதைகள் ஏராளம். இன்றைக்கும் முழுப் பேராசிரியரைக் 'கதெத்ராத்திகோ' என்பார்கள்.

அதாவது, சொல்லின் வேரைப் பார்த்தால் ஸ்பெயினில் பேராசிரியரும் இடுப்பும் உடன்பிறப்புகள்.

#6 தொல்மொழிக் காவலன்

கேலி இருக்கட்டும். நாற்காலி என்பது மரச்சாமான். அது எப்படி உடம்பின் பெயர் ஆகும்? கடி என்றால் நேராக இடுப்பு. உங்கள் கதையில்தான் மரம் சதையாக மாறுகிறது. அதற்கு ஆதாரம் எங்கே? இதை மட்டும் சொல்லிவிடுங்கள், நான் பேசாமல் இருக்கிறேன்.

#7 மாட்ரிட் மாப்பிள்ளை

சொல்வேர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை போல, அதுவரை நான் ஒன்று சொல்கிறேன். என் மனைவி ஸ்பானியர், ஊர் காஸ்தீயா பக்கம் ஒரு கிராமம். மாமியார் பேரப்பிள்ளைகளை அதட்டும்போது 'பின்புறம்' என்பதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார். ஒன்று 'பொசாதேராஸ்'. 'பொசார்' என்றால் இறங்கி அமர்வது, தங்குவது. இன்னொன்று 'அசெந்தாதேராஸ்'. 'அசெந்தார்' என்றால் உட்கார வைப்பது. இரண்டையுமே தமிழில் சொன்னால் 'உட்காருகிறவை' என்றுதான் வரும். சாமானுக்குச் சொல்லவே மாட்டார்கள், உடம்புக்குத்தான்.

உட்காரும் இடத்துக்கும் உட்காரும் உறுப்புக்கும் ஒரே பெயர் வைப்பது இவர்களுக்குப் பழக்கமான வேலை. மரம் சதையாக மாறவில்லை ஐயா, இரண்டுக்கும் நடுவில் 'உட்கார்' என்ற வினை உட்கார்ந்திருக்கிறது.

#8 இயன்முறைக்காரன்

மாப்பிள்ளை சொன்னதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. தமிழில் ஆசனம் என்றால் இருக்கை. ஆசனவாய் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். உடற்கூறு பாடத்தில் நூறு தடவை எழுதியிருக்கிறேன், ஒரு தடவைகூட அதற்குள் ஒரு நாற்காலி இருப்பது கண்ணில் படவில்லை. காவலன் ஐயா, நம்ம வீட்டிலேயே மரம் சதையாகியிருக்கிறது!

#9 தொல்மொழிக் காவலன்

ஆசனவாய் நல்ல எடுத்துக்காட்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பின்புறம். வடமராட்சிக்காரி கேட்டது இடுப்பு. இடுப்பில் யாரும் உட்காருவதில்லை.

#10 நெல்லிக்காய்

உட்காருகிறார்களே! குழந்தையை எங்கே வைத்துக்கொள்கிறோம்? என் பையனுக்கு இரண்டரை வயது வரை என் இடுப்புதான் நாற்காலி. ஸ்பெயின் அம்மாக்களும் அப்படித்தானே தூக்கியிருப்பார்கள்? குழந்தை உட்காரும் இடம், அதனால் கதேரா. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

#11 சொல்வேர்

நெல்லிக்காய், இதைக் கேட்டதும் மனசு ஒத்துக்கொண்டுவிட்டது, மூளைதான் மாட்டேன் என்கிறது. உட்காருவது குழந்தை இல்லை, உடம்புக்குச் சொந்தக்காரரேதான்.

கிரேக்கத்திலேயே 'ஹெத்ரா' நாற்காலியையும் குறிக்கும், பின்புறத்தையும் குறிக்கும். ஹிப்போக்ரதேஸ் பெயரில் இருக்கும் மருத்துவ நூல்களில் அந்தச் சொல் உடம்புப் பொருளில் தாராளமாக வருகிறது. ஆகவே அர்த்தம் ஸ்பெயினுக்கு வந்து திடீரென்று குதிக்கவில்லை. 'உட்காரும் இடம்' என்ற பெயரில் உடம்பின் பின்புறமும் கூடவே இருந்தது. அது முதலில் பின்புறம். பிறகு கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து, உட்காரும்போது அகன்று தெரிகிற அந்த எலும்புப் பகுதி முழுவதுக்கும் பெயரானது. அதுதான் இடுப்பு.

இப்படிப் பக்கத்து உறுப்புக்கு நகர்வது உடம்புச் சொற்களின் பிறவிக் குணம். லத்தீனில் 'புக்கா' என்றால் கன்னம், ஸ்பானியத்தில் 'போகா' என்றால் வாய். ஸ்பானியத்தில் காலுக்குப் 'பியெர்னா'. லத்தீனில் 'பெர்னா' என்றால் பன்றித் தொடை, இறைச்சிக்கடைச் சொல். முழங்காலுக்கு 'ரோதீயா', லத்தீனில் அது சின்னச் சக்கரம், முட்டிச்சில்லைப் பார்த்து வைத்த பெயர். அதற்கு முன்னால் முழங்காலுக்கு 'இனோஹோ' என்று ஒரு பழைய சொல் இருந்தது. என்ன கஷ்டம் என்றால் பெருஞ்சீரகத்துக்கும் தேய்ந்து தேய்ந்து அதே இனோஹோ வந்து சேர்ந்தது. முழங்காலும் பெருஞ்சீரகமும் ஒரே சத்தத்தில் மோதியதில், சீரகம் ஜெயித்துவிட்டது. முழங்கால் சக்கரத்திடம் போய்விட்டது. மண்டியிட்டு என்று இலக்கிய நடையில் சொல்லும்போது மட்டும் இன்னும் 'தெ இனோஹோஸ்' என்பார்கள்.

#12 தூங்குமூஞ்சி

பெருஞ்சீரகத்தின் மேல் மண்டியிட்டு என்று மொழிபெயர்த்த ஆள் ஒருவராவது இருப்பார். கண்டுபிடியுங்கள்.

#13 ஒற்றைப்பனை

நல்ல இழை. ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. லத்தீனில் இடுப்புக்குச் சொல்லே இல்லையா? இருந்திருக்கும். அது என்ன ஆனது? ஒரு வீட்டில் ஆள் இருக்கும்போது வேறொருவர் வந்து குடியேற முடியாது. இடம் காலியாக வேண்டும்.

#14 சொல்வேர்

இதைத்தான் எழுத வந்தேன், ஒற்றைப்பனை முந்திக்கொண்டார். இந்த விவகாரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியே இதுதான்.

லத்தீனில் இடுப்புக்குக் 'கொக்ஸா'. தொடைக்கு 'ஃபெமுர்'. பிற்கால லத்தீன் பேச்சில் சாணத்துக்கு 'ஃபெமுஸ்' என்று ஒரு சொல் புழங்கியது. கட்டலானில் இன்றும் எருவுக்கு 'ஃபெம்' என்பார்கள், அரகோன் பக்கம் 'ஃபியெமோ'. தொடைக்கும் சாணத்துக்கும் இவ்வளவு நெருக்கமான சத்தம் இருந்தால் யார் வாயில் தொடை வரும்? ஃபெமுர் பேச்சிலிருந்து நழுவிவிட்டது என்று ரொமான்ஸ் மொழி (லத்தீனிலிருந்து பிறந்த மொழிகள்) ஆய்வாளர்கள் காரணம் சொல்வார்கள்.

தொடையின் இடம் காலி. பக்கத்தில் இருந்த கொக்ஸா ஓர் அடி கீழே இறங்கித் தொடையைப் பிடித்துக்கொண்டது. போர்த்துக்கீசியத்தில் 'கோஷா', பிரெஞ்சில் 'க்வீஸ்', எல்லாம் தொடை. இப்போது இடுப்பின் இடம் காலி. பிரெஞ்சும் இத்தாலியமும் ஜெர்மானியக் குடிகளிடமிருந்து ஒரு சொல் வாங்கி அங்கே வைத்தன: 'ஆன்ஷ்', 'அங்கா'. ஸ்பானியத்திலும் 'ஆங்கா' உண்டு, ஆனால் பெரும்பாலும் குதிரை போன்ற விலங்குகளின் பின்புறத்துக்குத்தான். மனிதருக்கு நாற்காலி வந்து குடியேறியது.

ஸ்பானியத் தொடையோ இன்னொரு திருப்பம். கொக்ஸா அங்கே தொடையாகவும் நிலைக்கவில்லை. நொண்டுகிறவருக்குக் 'கோஹோ' என்ற பெயரில் மட்டும் அதன் சாயல் மிச்சம். தொடைக்கு 'முஸ்லோ' என்கிறார்கள். அது லத்தீன் 'மூஸ்குலுஸ்', அதாவது தசை. அதற்கும் முன்னால் பார்த்தால் சுண்டெலி, தோலுக்கடியில் ஓடுகிற சுண்டெலி.

நாற்காலிப் பொருளை ஸ்பானியம் ஏன் கைவிட்டது என்றும் கேட்பீர்கள். லத்தீன் 'செல்லா' ஸ்பானியத்தில் 'சீயா' ஆகி, நாற்காலி, குதிரைச் சேணம் இரண்டையும் எடுத்துக்கொண்டது. அதனால் கதேரா உடம்போடு நின்றது. போர்த்துக்கீசியம் வேறு மாதிரிப் பங்கு பிரித்தது: 'செலா' சேணத்துக்கு, கதெய்ரா நாற்காலிக்கு. அங்கேகூடப் பழைய உறவு முழுசாகப் போகவில்லை. பன்மையில் 'கதெய்ராஸ்' என்றால் இடுப்பு. பிரேசிலில் வயதானவர்கள் கதெய்ராஸ் வலிக்கிறது என்று சொன்னால் தச்சரைக் கூப்பிடக் கூடாது.

#15 இயன்முறைக்காரன்

தொழில்முறையில் ஒரு புலம்பல், இழைக்குக் கொஞ்சம் வெளியேதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடமராட்சிக்காரி அக்கா அம்மாவிடம் "இடுப்பு" என்று மொழிபெயர்த்தாரே, அங்கேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் இடுப்பு என்றால் ஒட்டியாணம் கட்டுகிற இடமும் இடுப்புதான், தொடையெலும்பு போய்ப் பொருந்துகிற மூட்டும் இடுப்புதான். என்னிடம் வருகிற பாதிப் பேர் "இடுப்பு வலி" என்று சொல்லிக்கொண்டு முதுகின் அடிப்பகுதியைத் தொட்டுக் காட்டுவார்கள். அறுவை முடிந்து வந்தவரிடம் "இடுப்பை மடக்காதீர்கள்" என்றால் முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு காலைத் தாராளமாக மடக்குவார். மூட்டு நழுவிவிடுமோ என்று எனக்கு வேர்த்துவிடும். இப்போதெல்லாம் "தொடை வந்து சேருகிற இடம்" என்று கையை வைத்தே காட்டிவிடுகிறேன்.

ஸ்பானியத்தில் இந்தத் தொல்லை இல்லையாமே? மாப்பிள்ளை சொல்லட்டும்.

#16 மாட்ரிட் மாப்பிள்ளை

இல்லை. பெல்ட் கட்டுகிற இடம் 'சிந்தூரா' (ஸ்பெயினில் 'ச' இல்லாமல் நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்துச் சொல்வார்கள்). கட்டுவது என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது, அதாவது கட்டும் இடம். அதற்குக் கீழே அகன்ற இடம் கதேரா. தையற்காரர் இரண்டு அளவும் தனித்தனியாக எடுப்பார். நடன வகுப்பில் சிந்தூராவை அசைக்காதே, கதேராவை அசை என்று என்னை ஆறு மாதம் திட்டினார்கள். எனக்கு இரண்டும் ஒரே இடுப்புதான், எப்படி அசைப்பேன்?

ஒன்று கவனித்தீர்களா, கட்டும் இடம், உட்காரும் இடம். இரண்டுமே உறுப்பின் பெயர் இல்லை, அங்கே நடக்கிற காரியத்தின் பெயர்.

இன்னொரு செய்தி. ஃபெமுர் சாணத்தால் ஓடிப்போனது என்றார் சொல்வேர். டாக்டர்கள் அதைப் புத்தகத்திலிருந்து திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள், தொடையெலும்புக்கு இன்று 'ஃபேமுர்' என்றே பெயர். கதேரா உடைந்தது என்று சொல்லும்போது பல சமயம் உடைவது ஃபேமுரின் கழுத்துதான். அக்கா அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

#17 மெரினாக்காற்று

எல்லாவற்றையும் மேலிருந்து படித்தேன். சென்னையில் நான் தினமும் கதீட்ரல் சாலை வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். புனித ஜார்ஜ் பேராலயத்தால் வந்த பெயர். இந்த இழையின்படி அதை இடுப்புச் சாலை என்று கூப்பிடலாமா? நாளைக்கு ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அப்புறம், நம்ம ஊர் 'சேர்' பற்றி யாரும் சொல்லவில்லை. அதுவும் இதே குடும்பம்தானே?

#18 சொல்வேர்

ஆமாம்! அதை விட்டது என் தப்பு. காத்தெத்ரா பழைய பிரெஞ்சில் 'சாயேர்' போல ஆகி, ஆங்கிலத்துக்குப் போய், நம்மிடம் சேர் ஆக வந்து சேர்ந்தது. பிரெஞ்சில் அது 'ஷேர்' ஆகி, பாரிஸ்காரர்கள் 16ஆம் நூற்றாண்டு வாக்கில் 'ர'வை 'ஸ' மாதிரி உச்சரித்த பழக்கத்தில் 'ஷேஸ்' என்று இன்னொரு குட்டி போட்டது. இன்றைக்கு வீட்டு நாற்காலிக்கு ஷேஸ், பிரசங்க மேடைக்கும் பேராசிரியர் பதவிக்கும் ஷேர்.

ஆகவே மதுரை தூங்குமூஞ்சி உட்காரும் சேரும், யாழ்ப்பாணத்து அம்மா சொல்லும் கதிரையும் ஒரே கிரேக்கப் பாட்டியின் பேத்திகள். ஒருத்தி பிரான்ஸ், இங்கிலாந்து வழியாகக் கப்பலேறினாள், இன்னொருத்தி லிஸ்பன் வழியாக. அசல் தமிழ் நாற்காலி மட்டும் தனி. அது நாலு கால் என்று மனித உடம்பிலிருந்து பெயர் வாங்கிய சாமான். கதேரா சாமானிலிருந்து பெயர் வாங்கிய உடம்பு.

ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு எல்லோரும் பணம் போட்டோமே, ஸ்பானியத்தில் அது 'காதெத்ரா'.

#19 தொல்மொழிக் காவலன்

கடியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், கதேரா விஷயத்தில் மட்டும். சிந்தூரா பற்றித் தனி இழை தொடங்கப் போகிறேன். குங்குமம் வைக்கும் இடம் இல்லையா என்று கேட்டுவிடுங்கள், நான் தயார்.

#20 நெல்லிக்காய்

ஐயா, வேண்டாம்.

#21 வடமராட்சிக்காரி

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமை இந்தப் பக்கம் வர முடியவில்லை. அம்மாவுக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை சொன்னது சரி, ஃபேமுரின் கழுத்துதான். இப்போது வாக்கர் பிடித்துக்கொண்டு நடைகூடத்தின் கடைசி வரை போய் வருகிறார். இயன்முறைக்காரன் தம்பி, நீங்கள் சொன்ன மாதிரியே கையை வைத்துக் காட்டித்தான் மடக்க வேண்டாம் என்று விளக்கினேன். அது பெரிய உதவி.

அம்மாவுக்கு இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சாணக் கதையை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

நேற்று ஒரு விஷயம் நடந்தது, அதை எழுதத்தான் வந்தேன். புது இரவுத் தாதி ஒருவர், ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியாக்காரர். அம்மா என்னைக் கேட்டு ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஒரே ஸ்பானிய வசனத்தை அவரிடம் சொன்னார், எனக்குக் கதேரா வலிக்கிறது என்று. ஆனால் பாதி வழியில் பழக்கதோஷம், வாயில் வந்தது கதிரை. நான் திருத்தப் போனேன். தாதி சிரித்துக்கொண்டே என்னைத் தடுத்தார். தன் ஊரில் கலீசிய மொழியில் இடுப்புக்கும் 'கதெய்ரா', நாற்காலிக்கும் 'கதெய்ரா', இரண்டும் ஒரே சொல்தான், பாட்டி எப்போதும் அப்படித்தான் சொல்வார் என்றார். பிறகு பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தொட்டு, கதெய்ரா. அம்மாவின் இடுப்பை மெதுவாகத் தொட்டு, கதெய்ரா.

அம்மா என் பக்கம் திரும்பி, "நான் முதல் நாளே சொன்னனான்" என்றார்.